அப்பா டிவியில் சொன்னது பாதிதான்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. உடம்புக்கு இருவரும் சுகமாகத்தான் இருக்கிறோம், மனசுக்குத்தான் சுகமில்லை, நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று தெரிந்தால் அதில் பாதி சரியாகிவிடும். போனில் சொன்னால் யார் யார் காதில் விழுமோ என்று பயந்து, எல்லை தாண்டி வரும் நர்ஸம்மா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பாவின் பூட்டுக் கடையில் இப்போது என்றுமில்லாத வியாபாரம், தெருவே வந்து தாழ்ப்பாள் வாங்குகிறது. பீரங்கி வண்டிக்கு முன்னால் தாழ்ப்பாள் எந்த மூலைக்கு என்று விற்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவர்களுக்கும் தெரியும். நீ வேலை பார்க்கும் அந்தப் பெரிய நாட்டின் படை ஆற்றின் அக்கரையில் வந்து நிற்கிறது, எஞ்சின் சத்தத்தில் நம் அடுக்களைத் தட்டுகள்கூட அதிர்கின்றன. போன வாரம் அந்த நாட்டு டிவிக்காரர்கள் கடைக்கு வந்தார்கள். உன்னை வந்து பார்க்க வசதியாக இருக்குமே என்று அந்த நாட்டுக்காரர்கள் இலவசமாகக் கொடுத்த அவர்கள் நாட்டுப் பாஸ்போர்ட்டை அப்பா வாங்கி வைத்திருக்கிறாரே, அதை மோப்பம் பிடித்துத்தான் வந்திருக்க வேண்டும். மைக்கை நீட்டி, பயமாக இருக்கிறதா என்று கேட்டார்கள். உன் அப்பாவுக்கு வாய் சும்மா இருக்குமா. பயமாத்தான் இருக்கு, உங்க பட்டாளம் அக்கரையில வந்து நிக்குதே, அதான் பயம் என்றார், நான் பக்கத்தில் நின்று கேட்டேன். டிவியில் வந்தது முதல் இரண்டு வார்த்தை மட்டும். அக்கம்பக்கத்தாரின் மிரட்டலுக்கு அஞ்சி வாழும் நம் குடிமகன் என்று கீழே எழுத்து ஓடியது. இவரைக் காப்பாற்றத்தான் வரப்போகிறார்களாம். எதிர்வீட்டு ரொட்டிக்கடைக்காரர் எத்தனை வருஷப் பழக்கம், அவர் மறுநாள் வந்து முகம் பார்க்காமல் ஒரு தாழ்ப்பாள் வாங்கிப் போனார். யாருக்குப் பயந்து வாங்கினார், பட்டாளத்துக்கா எங்களுக்கா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் ஒருத்தன் வாயால ஊரே எரியப் போகுது என்று அப்பா சாப்பாட்டைத் தொடாமல் முணுமுணுக்கிறார், நான் அதட்டி உட்கார வைக்கிறேன், எனக்கும் பயம் என்பது அவருக்குத் தெரியக் கூடாதே.

உன்னைப்போல் லாரி ஓட்டுகிறவர்களை அங்கே பட்டாளத்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நீ சொன்னதிலிருந்துதான் எனக்குப் பெரிய பயம். உன் அப்பா அம்மாவைக் காப்பாத்தத்தான் போறோம், வண்டியை எடு என்பார்கள், அந்த டிவிப் படத்தையும் காட்டுவார்கள், நம்பிவிடாதே கண்ணு. இடுப்பு வலி, கண் தெரியவில்லை என்று ஏதாவது பொய் சொல்லித் தப்பித்துக்கொள், பெற்றவளே பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கும் காலம் வந்துவிட்டது. பொது இடத்தில் யாரோடும் வாய் கொடுக்காதே, அப்பாவின் வாய் உனக்கும் உண்டு. குளிரில் குல்லா இல்லாமல் வெளியே போகாதே.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. தனியாகப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தால் எந்நேரமும் கதவு திறப்பேன். அவர்களோடு வண்டியில் வந்தால், வந்திருப்பது நீதான் என்று தெரியாமலே நாங்கள் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு உள்ளே நடுங்கிக்கொண்டிருப்போம்.

இப்படிக்கு,
உன்னை வா என்று சொல்லவும் பயப்படும்
அம்மா