குப்பைக் கூடைச் சீட்டு

26 ஏப்ரல் 81, ஞாயிறு

காலையிலேயே வெயில். கடைவாய்ப் பல் வலி. கிராம்பு வைத்தும் அடங்கவில்லை.

முதல் பூசையில் பக்கத்து வீட்டுத் தெரேஸ் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார் சாமியார், மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண அறிவிப்பு. மாப்பிள்ளை அஜுதானின் தங்கை மகன்; அஜுதான் என்பது அவருடைய பழைய பட்டாளப் பதவி, ஊரில் அதுவே பெயர். பாரிசில் வேலை, மே கடைசி வரை லீவு. அஜுதான் முதலில் வாங்கிப்போனது என் மகள் பிலோமினாவின் போட்டோ. திருப்பித் தரும்போது வாசலில் நின்று சொன்னார்: "பொண்ணு கறுப்பா இருக்கே, லூர்தம்மா." பிலோமினா உள்ளே மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டிருப்பாள்.

பூசை முடிந்து பிரான்சு ஜனாதிபதி தேர்தல். பட்டாளத்துப் பென்ஷன் குடும்பங்கள் எல்லாம் வரிசையில். செத்துப்போன என் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளம் என்பதால் எனக்கும் வோட்டு. வேட்பாளருக்கு ஒரு சீட்டு வீதம் ஒரு கத்தை கையில் தருகிறார்கள். வேண்டியதைத் திரைக்குள் உறையில் போட்டுவிட்டு, மிச்சத்தை அங்கேயே கூடையில் போட வேண்டும். இது அதிகாரி சொல்வது. ஊர் வழக்கம் வேறு. தெருமுனையில் அஜுதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். முக்கிய எதிராளியின் சீட்டை அவர் முன்னால் காட்டிக் கிழிக்க வேண்டும். இருக்கிற ஜனாதிபதிக்கே போட்டோம் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. பென்ஷன்காரர் உயிரோடு இருக்கிறார் என்று வருஷாவருஷம் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர் அவர். அதனால் யாரும் வாய் திறப்பதில்லை.

எனக்கு முன்னால் போனவர் ஆரோக்கியசாமி, தெரேஸின் அப்பா. அதிகாரி சொன்னபடி மிச்சத்தைக் கூடையில் போட்டுவிட்டு வந்தார், பெரிய ஒழுங்கு. நான் எதிராளியை உறைக்குள் தள்ளினேன். திருப்பித் தந்த போட்டோவுக்காக. தள்ளிய பிறகுதான் நாற்காலி ஞாபகம். கூடைக்குள் கைவிட்டு ஆரோக்கியசாமி போட்டிருந்த எதிராளியின் சீட்டை எடுத்துக்கொண்டேன். அஜுதான் முன்னால் நாலாகக் கிழித்தேன்.

சாயங்காலம் எண்ணினார்கள். எதிராளிக்கு ஒன்றே ஒன்று.

27, திங்கள்

சீட்டுக் காட்டாத ஆள் ஆரோக்கியசாமி ஒருவர்தான். அஜுதான் தெருவில் நிற்கவைத்துக் கேட்டார்.

"சீட்டு எங்கய்யா?"

"கூடையில போட்டேங்க. அதானே சட்டம்."

"திங்கிறது ஒருத்தன் சோறு, போடுறது இன்னொருத்தனுக்கா?"

நான் பால் வாங்கிக்கொண்டு நின்றிருந்தேன். நேற்று அவரை மாட்டிவிட நினைத்து எடுக்கவில்லை. இன்று நினைத்தேன், நல்லதாகப் போயிற்று என்று.

30, வியாழன்

மின்சாரம் இல்லை. தெரேஸ் வந்தாள், வழக்கம்போல் என் பென்ஷன் கடுதாசியைப் பிரெஞ்சில் எழுத. கண் வீங்கியிருந்தது. "அப்பா அப்படிப் போடுறவர் இல்ல அத்தை. நீங்களாவது அஜுதான் ஐயாகிட்ட சொல்லுங்களேன்." சொல்கிறேன் என்றேன். முறுக்குக் கொடுத்தேன். சாப்பிடவில்லை. திரும்ப டப்பாவில்.

3 மே, ஞாயிறு

இரண்டாம் ஓலை வாசிக்கவில்லை. மற்ற கல்யாணங்களைப் படித்துவிட்டுச் சாமியார் தாளை மடித்தார். தெரேஸ் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். கோயிலே திரும்பிப் பார்த்தது. நானும்தான்.

கல்யாணச் சேலை கோட்டுச்சேரியில் ரவிக்கைத் துணியோடு தையற்காரனிடம் கிடக்கிறதாம். பல் இன்று பரவாயில்லை.

10, ஞாயிறு

இரண்டாம் சுற்று. இருவர்தான் போட்டி. நான் எல்லாரையும்போலப் போட்டேன், ஆசை ஒருமுறை தீர்ந்தால் போதும். ஆரோக்கியசாமி இம்முறை எதிராளியின் சீட்டை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார். அஜுதான் பார்க்காமல் மூக்குப்பொடி போட்டுக்கொண்டார். மனுஷர் நீட்டிய கையோடு கொஞ்ச நேரம் நின்றார்.

எண்ணிக்கையில் எதிராளிக்கு இங்கே ஒன்றுகூட இல்லை.

11, திங்கள்

ரேடியோ: பிரான்சில் எதிராளி ஜெயித்துவிட்டான்!

பத்து மணிக்கெல்லாம் அஜுதான் ஒரு சீப்பு பூவன்பழத்தோடு ஆரோக்கியசாமி வீட்டில். சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது. ஏப்ரலில் விழுந்த அந்த ஒற்றை வோட்டு இப்போது வேண்டுமாம். புதுச்சேரிப் பிரெஞ்சுத் தூதரகத்துக்கு எழுதப்போகிறாராம், எங்கள் குடும்பம் அப்போதே புது ஜனாதிபதி பக்கம் என்று.

"நீர் போட்டதுதானய்யா அது? ஒரு வார்த்தை சொல்லும். அடுத்த ஓலைய வாசிக்கச் சொல்றேன்."

"இல்லீங்க. எல்லாரும் போட்டவருக்குத்தான் நானும் போட்டேன்."

"பொண்ணு வாழ்க்கைய்யா."

"போடாதத போட்டேன்னு எப்படிங்க சொல்றது?"

அஜுதான் பழத்தைக்கூட எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆரோக்கியசாமி பிழைக்கத் தெரியாத மனுஷன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு 'ஆமாம்' சொல்லியிருந்தால் என் பாவமும் கழிந்திருக்கும்.

மத்தியானம் சேலை மாற்றிக்கொண்டு அஜுதான் வீட்டுக்குப் போனேன். ஒற்றை வோட்டு, கூடை, சீட்டு, எல்லாம் சொன்னேன். கோபிக்கவில்லை. கெக்கெக்கே என்று சிரித்தார். "கெட்டிக்காரிம்மா நீங்க! பொண்ணு போட்டோ இருக்கா?"

இருந்தது. கையோடு கொண்டுபோயிருந்தேன்.

14, வியாழன்

கத்திரி வெயில். அஜுதான் கூடைக் கதையை ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாராம். பிலோமினா கல்யாணத்துக்குப் பூர்த்தி செய்யும் பாரம் பிரெஞ்சில். தெரேஸை விட்டால் தப்பில்லாமல் எழுத ஆள் கிடையாது. பிலோமினா கெஞ்சினாள், "அவளக் கூப்பிடாதம்மா." கூப்பிட்டேன். வந்தாள்.

மாப்பிள்ளை பெயரை என்னைச் சொல்லவிடவில்லை, தானே எழுதினாள். பிறந்த தேதியும். பிறகு தலை நிமிராமல், "அப்பா கூடையில போட்ட சீட்டத்தானே எடுத்தீங்க அத்தை?"

"மை காயட்டும், கை பட்டுடப் போவுது" என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். எழுதிவைக்கிறேன்.

17, ஞாயிறு

லீவு தீரப்போவதால் மூன்று ஓலையையும் ஒன்றாக வாசிக்க அனுமதி. பிலோமினாவின் பெயர் கோயிலில் கேட்டது. "தடை ஏதாவது தெரிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்றார் சாமியார்.

ஆரோக்கியசாமி எழுந்து நின்றார்.

பிலோமினா என் கையை இறுக்கினாள். சாமியாரும் தாளிலிருந்து கண்ணை எடுத்தார்.

ஆரோக்கியசாமி பின்னால் கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தியைக் கூப்பிட்டுத் தன் இடத்தில் உட்காரச் சொன்னார். சுவரோரம் போய் நின்றுகொண்டார். பூசை முடிகிறவரை நின்றார்.