எனக்கு வரப்பு போதும்

மாப்ளே,

ஊரறியச் சத்தியம் பண்ணிச் சொல்கிறேன்: இந்த மடலில் எழுதப்போவதை ஒருவனும் நம்பப்போவதில்லை. நம்பாதவர்கள் பக்கத்து ஊரில் விசாரிக்கட்டும். அங்கேயும் என்னை நம்ப மாட்டார்கள்.

இன்று பரணைச் சுத்தம் செய்தபோது, நீ என்னிடம் கொடுத்துவைத்த பழைய கம்ப்யூட்டர் கிடைத்தது. டிவியில் சொருக வேண்டிய பொட்டி. கரண்ட் கொடுத்ததும் தூசும் சுட்ட பிளாஸ்டிக்குமாக ஒரு வாசனை. உடனே நீ எதிரே வந்து உட்கார்ந்துவிட்டாய். நீ செத்து எட்டு மாதம் ஆனதை அந்த வாசனைக்கு யாரும் சொல்லவில்லை போல.

சிங்கப்பூரிலிருந்து உன் அண்ணன் கொண்டுவந்தது அது. அதைப் போட்டால் வலங்கைமான் வரைக்கும் விளக்கு மங்கும். கேசட்டிலிருந்து புரோகிராம் ஏறும் கீச்சொலியைக் கேட்க, வயலில் மேயும் கொக்கெல்லாம் உன் வீட்டு ஓட்டின்மேல் வரிசைகட்டி உட்காரும்.

அந்த முறை அண்ணன் ஒரு முடிவோடும் வந்திருந்தார். பன்னிரண்டு மா நிலத்தைப் பாதியாகப் பிரித்து, தன் பாதியை விற்றுவிட்டு, அங்கேயே தங்கிவிடுவது. வாய்க்கால் வடக்கே மட்டும்தான். வடபாதியில் அந்நியன் வந்தால் தென்பாதி காயும். நீ எந்தப் பாதியை எடுத்தாலும் நிலம் ரெண்டாக உடைந்ததுதான்.

நீ பொட்டியில் நாலே வரி அடித்தாய்: பன்னிரண்டை எடு, பாதியாக்கு, காட்டு, மறுபடி பாதியாக்கு. டிவியில் ஆறு, மூன்று, ஒன்றரை, முக்கால் என்று ஓடியது.

“என்னடா பண்றே?”

“எத்தனை தலைமுறை பிரிச்சா நம்ம நிலம் தீரும்னு பாக்குறேண்ணே. கணக்குப்படி தீராது. பாதியில பாதி எப்பவும் மிச்சம் இருக்கும்.”

மாகாணி, முந்திரி என்ற பழைய பின்னக் கணக்கெல்லாம் தாண்டி, நெல்லின் மூக்கைவிடச் சிறுத்து, நூற்றுச் சொச்சம் வரி போனபின் சட்டென்று சைபர். அப்புறம் வரிக்கு வரி சைபர்.

அண்ணன் சிரித்தார். “தீந்துடுச்சே தம்பி!”

“தீந்தது நிலம் இல்ல. அவ்வளவு பொடியைப் பாக்க இந்தப் பொட்டிக்குக் கண்ணு பத்தல. நான் ஒத்துக்க மாட்டேன்.”

“உன்னை யாரு கேட்டா? காலையில வரப்பு போடுறேன். வந்து பங்கை எடு.”

உங்கள் குடும்ப வழக்கம் அது: மூத்தவன் வரப்பு போடுவான், இளையவன் முதலில் எடுப்பான். இளையவன் ஒருமுறை கேட்டதை யாரும் மாற்ற முடியாது. காலையில் கூடிய கூட்டம் திருவிடைமருதூர்த் தேருக்குக்கூட வந்ததில்லை. அண்ணன் தன் கையாலேயே நட்டநடுவில் வரப்பு போட்டுவிட்டு மூச்சு வாங்கினார்.

“எந்தப் பக்கம்? சொல்லு.”

நீ வரப்பின்மேல் ஏறி நின்றாய்.

“எனக்கு வரப்பு போதும்.”

“டேய், விளையாடாதே!”

“ரெண்டு பாதியும் நீங்களே வச்சுக்கங்க. உடைஞ்ச நிலம் எனக்கு வேண்டாம்.”

அவர் சரி என்றால் உனக்கு ஒரு குழி நிலம்கூட மிஞ்சாது. “மாப்ளே, வரப்புல உளுந்துதான்டா முளைக்கும்!” என்று கிசுகிசுத்தேன்.

“இட்லிக்கு ஆச்சு மச்சான்” என்றாய், முகத்தில் ஒரு கோடும் அசையாமல்.

அண்ணன் விட்ட பெருமூச்சில் காவிரி ஒரு சாண் ஏறியது.

அந்த வயல் இன்றும் ஒன்றாகத்தான் கிடக்கிறது. பிளாட் போடலாமே என்று எவனாவது வாயெடுத்தால் முதல் ஆளாகக் குறுக்கே நிற்கிறேன். அந்த வம்பு நீ எனக்கு எழுதிவைத்த பங்கு. நீ போய்விட்டாய் என்கிறார்கள். அதற்கு நான் சாட்சிக் கையெழுத்துப் போடவில்லை.

சரி, கொக்கு பொய். விளக்கு மங்கியதும் பொய். கூட்டம் என்றது நாம் மூன்று பேர். ஆனால் உன் அண்ணன் “இறங்குடா” என்று உன் கையைப் பிடித்து இறக்கி, கொப்புளம் கிளம்பிய கையால் தான் போட்ட வரப்பைத் தானே வெட்டிச் சரித்தார் பார், அந்தச் சின்ன இடம் மட்டும் நிஜம்.