பழையதைப் போட வேண்டாம் என்றவளுக்கு

இன்று காலை மகளின் மடிக்கணினியைத் துடைக்கத் துணியும் கையுமாகப் போனேன். வகுப்புக்குப் போகிற அவசரத்தில் அதைத் திறந்தபடியே மேசையில் விட்டுவிட்டுப் போயிருந்தாள். யன்னல் வெளிச்சம் சரிந்து விழுந்ததில் திரை முழுக்க விரல் தடங்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையும் தொட்டுத்தான் பார்க்கிறார்கள். துணியை வைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

உன் திரையில் இருந்த தடங்கள் வேறு மாதிரி. விரல் நுனி பதிந்த வட்டங்கள் அல்ல அவை. மடக்கிய விரலின் முட்டி இழுபட்ட நீளமான கறைகள். கடை பூட்டுமுன் தினமும் அவற்றைத் துடைத்தவள் நான்தான். உனக்கு எழுத வேண்டும் போலிருந்தது.

கண்டி அச்சகத்தில் நம் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. நீ திகனப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வருவாய், நான் கட்டுகஸ்தோட்டைக்காரி. "நீங்க" என்றுதான் பேசத் தொடங்கினோம். பிறகு இருவருமாக வேலையை விட்டு, கட்டுகஸ்தோட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் சொந்தமாகக் கடை போட்டோமே, அங்கே படியேறி மேசைகளைத் தூக்கி வைத்த அன்றைக்கே "நீ" என்று ஆகிவிட்டது. கல்யாணப் பத்திரிகை, கடைத் திறப்பு அழைப்பிதழ், மரண அறிவித்தல், எதுவானாலும் மூன்று மொழியிலும் செய்து கொடுத்தோம். எழுத்தை நான் அடித்துத் தருவேன். எந்த எழுத்து எங்கே இருந்தால் அழகு, படத்தை எவ்வளவு வெட்டினால் முகம் சிரிக்கும் என்பதெல்லாம் உன் பொறுப்பு. என் விரல்கள் வேகம், உன் கண்கள் நிதானம். அப்படித்தான் நம் கடைக்குப் பெயர் வந்தது.

எப்போது தொடங்கியது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. வேலையை முக்கால்வாசி முடித்துவிட்டு எழும்பிவிடுவாய். "கண்ணு எரியுது ரிஸ்னா, மிச்சத்த நீ பாத்துக்கயேன்" என்பாய். நானும் திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் களைத்துவிட்டது என்றே நம்பினேன். காலையில் தேநீர்க் கோப்பையை இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திப் பிடிப்பாய். கண்டிக் குளிருக்கு யார்தான் அப்படிப் பிடிப்பதில்லை?

அந்த மழைக்காலத்தில் நம்முடைய பழைய கணினி உயிரை விட்டது. அதைப் பழுது பார்க்க வருகிற சமன் தம்பி, இனி இது தேறாது என்று கையை விரித்துவிட்டு, மறுவாரம் புதியதொன்றைக் கொண்டுவந்து வைத்தார். பெட்டி தனியாக இல்லை, எல்லாம் திரைக்குள்ளேயே. உள்ளே இருந்த சிஸ்டமும் புத்தம் புதிது. திறந்ததும் திரை முழுக்கப் பச்சையும் நீலமும் சிவப்புமாகக் கட்டங்கள், கல்யாண வீட்டுத் தரையில் மாபிள் பதித்தது போல. எத்தனையோ வருடம் கண்ணை மூடிக்கொண்டு கை போகிற இடது மூலையில் ஸ்டார்ட் பட்டனைக் காணவில்லை.

"அது இப்ப இல்ல மிஸ்" என்றார் சமன் சிங்களத்தில், வெகு சந்தோஷமாக. "இது விரலால் தொடுவதற்கென்றே செய்தது. பழகிவிட்டால் பழையதுக்குத் திரும்ப மாட்டீர்கள்."

அன்றைக்கென்று பார்த்து பிலிமத்தலாவையிலிருந்து மகளின் கல்யாணப் பத்திரிகைக்காக ஒரு தகப்பன் வந்து காத்திருந்தார். நான் எதையோ அமத்தப் போக, ஏதோ ஒரு புரோகிராம் திரை முழுக்க விரிந்துகொண்டது. மூட வழியில்லை. சின்னதாக்க வழியில்லை. மவுஸைக் கொண்டு நாலு மூலையையும் தடவினேன். "என்ன மகள், வேலைக்கு டீவியா வாங்கினீங்க?" என்று அந்த மனிதர் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய்.

"இது ஓடாது, பாரு" என்றேன் அவர் போனதும். "மேசையில குந்தி வேல செய்ற ஆளுக்கு இது சரிவராது. கை கீபோட்ல ஈக்குது, இல்லாட்டி மவுஸ்ல ஈக்குது. ஒவ்வொரு தடவையும் கையத் தூக்கிக் கண்ணாடியத் தொடச் சென்னா அந்திக்குத் தோள் கழண்டுடும்."

"பழகுனா சரியாயிரும்" என்றாய்.

"போனுக்கு நல்லம். மேசைக்கு இல்ல."

"பெரிய பெரிய கட்டமா நல்லாத்தான இருக்கு? எனக்கென்னமோ இது ஓடும்னு தோணுது."

அதிலிருந்து நமக்குள் ஒரு பந்தயம். யார் சொன்னது சரியோ அவளுக்கு மற்றவள் கண்டி டவுனில் ஒரு பலூடா வாங்கித் தர வேண்டும். படியேறி வந்தவர்களையெல்லாம் பஞ்சாயத்துக்கு இழுத்தோம். வக்கீலின் கிளார்க் என் பக்கம். தன் ஒபிசில் வந்ததை அன்றைக்கே கழற்றிப் பழையதைப் போட வைத்துவிட்டதாகச் சொன்னார். பாடசாலை அதிபரும் என் பக்கம். ஆறு மாதம் போனால் கண்டியில் இதை வைத்திருக்கிற கடை நம்முடையது மட்டும்தான் இருக்கும் என்று நான் சொல்வேன். நீ ஒருத்தி மட்டும், "ஓடும்" என்பாய். அதற்குமேல் வாதாட மாட்டாய். முட்டியால் ஒரு கட்டத்தைத் தட்டுவாய். அது திறக்கும். உன் முகத்தில் ஒரு சின்னச் சந்தோஷம் வந்து போகும். பந்தயத்தில் பிடிவாதம் என்றுதான் நான் நினைத்தேன்.

பழைய சிஸ்டத்தையே திரும்பப் போடுவது என்று கடைசியில் சமனை வரச் சொன்னேன். ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவர் வந்து, பையைத் திறந்து, உன் கதிரையில் உட்காரப் போனார். நீ எழுந்து மேசைக்கும் அவருக்கும் நடுவில் நின்றாய்.

"எபா மல்லி" என்று சிங்களத்தில் அவரைத் தடுத்தாய். பிறகு என்னைப் பார்த்து, "வேணாம் ரிஸ்னா. பழசப் போட வேணாம்."

"ஏன்டி, பந்தயத்துக்காகவா?"

நீ இரண்டு கைகளையும் எனக்கு முன்னால் நீட்டினாய். அவ்வளவு நாளும் பக்கத்தில் இருந்தும் அப்போதுதான் அவற்றை நான் சரியாகப் பார்த்தேன். முட்டிகள் வீங்கியிருந்தன. விரல்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தன.

"கண்ணு எரியுதுனு சொன்னதெல்லாம் பொய். கைதான். வாதம்னு சொல்லியிருக்காங்க, கிளினிக்ல மருந்து எடுக்கிறேன். மவுஸப் புடிச்சு ரெண்டு தரம் அமுக்குறதுக்குள்ள அது நழுவிப் போயிருது. தீபாவளியோட நின்னுறலாம்னு இருந்தேன். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அப்பதான் இது வந்துச்சு. தொட்டா தொறக்குது. கட்டம் பெருசா இருக்கிறதால கை கோணிக்கிட்டுப் போனாலும் தப்பறதில்ல." கொஞ்சம் நிறுத்தினாய். "இதக் கழட்டுனா நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

உன் கையைப் பிடித்தேன். முட்டிகள் சுட்டன. நாம் பேசிய தமிழ் சமனுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது, நீட்டிய கைகள் விளங்கியிருக்கும். பையை மூடிவிட்டு, திரையின் காலைத் தளர்த்தி, அதைத் தாம்பாளம் போல மேசையில் சாய்த்து வைத்தார். "இப்ப கையைத் தூக்க வேண்டாம் மிஸ், மேலே வைத்தபடியே வேலை செய்யலாம்" என்றார். எழுத்துகளையும் பெரிதாக்கிக் கொடுத்தார். தோள் கழன்றுவிடும் என்று நான் சொன்னேனே, அதற்கு வைத்தியம் இவ்வளவு சுலபமாக இருந்தது.

திங்கட்கிழமையே என் வீட்டில் சும்மா கிடந்த இன்னொரு பழைய கணினியை என் மேசைக்குக் கொண்டு வந்துவிட்டேன். ஒரே கடையில் இரண்டு உலகம். பக்கம் அமைக்கிற புரோகிராமுக்குள் போனால் பொத்தான்கள் எள்ளளவுதான், அங்கே உன் முட்டி தடுமாறும். அந்த வேலையெல்லாம் என் பக்கம் வந்தது. படங்களைத் தேர்வது, வெட்டுவது, ஒழுங்கு செய்வது உன் பக்கம்.

அதே பிலிமத்தலாவைத் தகப்பன் இரண்டாவது மகளின் பத்திரிகைக்கு வந்த நாள் உனக்கு மறந்திருக்காது. அவரை உன் பக்கத்தில் உட்கார வைத்து, "நீங்களே தொட்டு நகத்துங்க" என்றாய். பயந்து பயந்து விரலை வைத்தார். மகளின் முகம் விரலோடு கூடவே நகர்ந்தது. இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கக் காட்டிக் கொடுத்தாய். "என்ட புள்ளட கண்ணு எங்கட உம்மாட கண்ணு மாதிரியே ஈக்குது" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். டீவியைப் பற்றி அன்றைக்கு ஒரு பேச்சுமில்லை.

அவர் படியிறங்கியதும் நீ சொன்னாய்: "மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவங்கதான் திட்டுறீங்க. அந்தப் பக்கம் இருக்கிறவங்கள யாருமே கேக்கல."

ஆனால் பந்தயத்தில் நான்தான் வென்றேன். உலகம் முழுக்க மேசைக்காரர்கள் என்னைப் போலவே கத்தியிருக்கிறார்கள். அடுத்து வந்த சிஸ்டத்தில் அந்த ஸ்டார்ட் பட்டன் திரும்ப மூலைக்கு வந்தது. அதற்கும் அடுத்ததில் கட்டங்கள் ஒடுங்கிப்போய், பழைய பட்டியலுக்குப் பக்கத்தில் ஒதுங்கிக்கொண்டன. செய்தியைச் சமன் கொண்டு வந்தபோது நான் துள்ளிக் குதிக்கவில்லை. நீதான் கைப்பையை எடுத்துக்கொண்டு, "வா, பலூடா குடிக்கப் போவோம்" என்றாய்.

டவுன் கடையில் உயரமான கிளாஸை இரண்டு உள்ளங்கைகளாலும் பிடித்துக் குடித்தாய். மேலுதட்டில் ரோஸ் நுரை.

"நீ ஜெயிச்சிட்ட" என்றாய். "ஆனா நான் தோக்கல."

உன் கணினியை மட்டும் நாம் மாற்றவில்லை. காலையில் திறக்கும்போதெல்லாம் புதியதுக்கு மாறச் சொல்லி அது கேட்கும். "இன்னைக்கு வேணாம், போ" என்று பூனையை விரட்டுவது போலச் சொல்லி, முட்டியால் தட்டி விடுவாய். அப்படியே பல வருடம் ஓட்டினாய். அந்த வருடங்களில் நம் கடையிலிருந்து போன படங்கள்தான் நாம் செய்ததிலேயே அழகானவை. இதை உன் முகத்துக்கு நேரே சொன்னால் வெட்கத்தில் பேச்சை மாற்றிவிடுவாய். இப்போது மாற்ற முடியாது, கேட்டுக்கொள்.

பிறகு வாதம் நெஞ்சுக்கும் இறங்கியது. படியேறி வந்தால் மூச்சு அடங்க வெகுநேரம் பிடித்தது. கணினியை ஒரு வேனில் ஏற்றித் திகனவில் உன் அண்ணன் வீட்டுக்கே கொண்டு வந்து தந்தேன். நான் படங்களை அனுப்புவேன், நீ ஒழுங்கு செய்து திருப்பி அனுப்புவாய். பிறகு ஒன்றிரண்டுதான் வரும். பிறகு எதுவும் வருவதில்லை. ஆனாலும் நான் அனுப்பிக்கொண்டே இருந்தேன். நீ பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

கடைசியாக வந்தபோது உன் அண்ணி தேநீர் வைத்துவிட்டு நம்மைத் தனியாக விட்டாள். வயர் கூடையில் சீப்பு இருந்தது. "தல வாரி விடேன் ரிஸ்னா, அண்ணிய எத்தன தரம்தான் கேக்குறது?" என்றாய். உனக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து சிக்கெடுத்தேன். வலிக்கக் கூடாதென்று ஒவ்வொரு இழையாகத்தான் பிரித்தேன்.

"கீபோட்ல மட்டும்தான் ஒனக்கு வேகம்" என்று சிரித்தாய், சிரிப்பு இருமலாகும் வரை. பின்னலை முன்னால் எடுத்துப் போட்டதும், முட்டியால் அதைத் தொட்டுப் பார்த்து, "போதும், நல்லாருக்கு" என்றாய்.

செய்தி வந்த அன்று நானும் என் வீட்டுக்காரரும் வந்தோம். உன்னை எடுத்துக்கொண்டு போகும்வரை உன் அண்ணியோடு இருந்தேன். கருமாதி நெருங்கியபோது உன் அண்ணன் கடைக்கு வந்தார், நினைவு அட்டை அடிக்க வேண்டும் என்று. கூடவே உன் கணினியையும் கொண்டு வந்திருந்தார். "படமெல்லாம் இதுலதான் இருக்கு. எனக்குத் தொறக்கத் தெரியல" என்றார். அதை உன் மேசையில் வைத்து, சாய்த்து, திறந்தேன். என் கை பழக்கத்தில் மவுஸைத் தேடியது. அவர் மவுஸ் கொண்டு வரவில்லை.

விரலால்தான் தொட்டேன். ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பார்த்தேன். அச்சகத்து வாசலில் நீ. கடை திறந்த அன்று, நெற்றியில் விபூதியோடு நீ. ஊராருடைய படங்களை அத்தனை அழகாக வெட்டியவள் உன் படம் ஒன்றைக்கூட வெட்டி வைத்திருக்கவில்லை. ஒன்றில் சிரித்துக்கொண்டு நின்றாய், பக்கத்தில் பாதி நான். என்னை வெட்டிவிட்டு உன்னைப் பெரிதாக்கினேன். இரண்டு விரலால் விரிக்க விரிக்க உன் முகம் என் கைக்கு வந்தது. அழுதபடி செய்த வேலை அது. ஆனாலும் எல்லை பிசகவில்லை. நீயே பார்த்தாலும் குறை சொல்ல மாட்டாய்.

இப்போது கடையில் நான் மட்டும்தான். கை முன்பு போலவே வேகம், அதில் மாற்றமில்லை. கால்தான் மாறிவிட்டது. கடை பூட்டியதும் இருவருமாக மகாவலிப் பாலத்தைக் கடந்து பஸ்ஸுக்கு நடப்போமே. உன் பாதங்களிலும் வீக்கம் வந்த பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தாய். முதலில் எனக்கு அந்த நடை பெரிய சிரமமாக இருந்தது, நான் ஓடுகிற சாதி. போகப்போக, ஆற்றைப் பார்ப்பதற்கு அதுதான் சரியான வேகம் என்று ஆகிவிட்டது. நேற்றும் அந்திக்குப் பாலத்தில் ஆட்கள் என்னை இடித்துக்கொண்டு முன்னால் போனார்கள். பஸ் புறப்படப் போவது அங்கிருந்தே தெரிந்தது. நீ பிடிக்கும் கையை உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி வைத்துக்கொண்டு, உன் நடையில்தான் போய்ச் சேர்ந்தேன்.