பவானி, உன் நைனாவோடு மறுபடி பேசுகிறேன்

என் கண்ணு பவானிக்கு,

நீ இருந்தவரை உனக்கு ஒரு கடிதம்கூட நான் எழுதியதில்லை. எழுதும் அளவுக்கு என்னைவிட்டு நீ தூரம் போனதே இல்லையே.

இந்த வருஷம் கடலை நன்றாக விளைந்திருக்கிறது. உன்னோடு புத்தூர் காலேஜுக்கு பஸ்ஸில் வந்த லாவண்யாவுக்குத் திருப்பதியில் நர்ஸ் வேலை. என்னைப் பார்த்தால் இன்னும் தலையைக் குனிந்துகொள்கிறாள். அவள் என்ன செய்வாள், பாவம்?

அன்று நான் நகரியில், என் அண்ணன் வீட்டு விசேஷத்தில் இருந்தேன். காலையில் மாட்டுக்குப் புல் அறுக்கப் போன உன்னைக் கடலைக்கொல்லை வரப்பில் விரியன் கடித்தது. உன் நைனா உன்னை வண்டியில் பின்னால் உட்காரவைத்து, ஏரிக்கு அந்தப் பக்கம் பாம்புக்கடிக்கு மந்திரிக்கிற பெரியவரிடம் கொண்டுபோனார். சின்ன வயதில் உன் நைனாவின் தங்கைக்கு அங்கேதான் சரியானதாம். காலில் வேரைக் கட்டிவிட்டுப் பொழுது சாயும்வரை காத்திருந்திருக்கிறார்கள். ஈறிலிருந்து ரத்தம் வந்த பிறகுதான் திருப்பதிக்குக் கொண்டுவந்தார். நான் வந்து சேர்ந்தபோது உனக்கு நினைவில்லை. "ரொம்ப லேட் பண்ணிட்டீங்கம்மா" என்றார் டாக்டர். நீ கண் திறக்கவே இல்லை.

அதன் பிறகு உன் நைனாவோடு நான் பேசவில்லை. சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். அவர் மோட்டார் கொட்டகையில் படுத்துக்கொண்டார். ஊர்க்காரர்கள் சமாதானம் பேச வந்தார்கள். "வேணும்னா செஞ்சான்? விதிம்மா" என்றார்கள். விதியா என் பெண்ணை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனது என்று கேட்டேன். யாரும் மறுபடி வரவில்லை.

போன மழைக்காலத்தில் பக்கத்துக் கொல்லை ரவணம்மாவைக் களை பறிக்கும்போது பாம்பு கடித்தது. அவள் புருஷன் அதே பெரியவரிடம் போக அவளை ஆட்டோவில் ஏற்றிவிட்டான். உன் நைனா ஓடிப்போய் ஆட்டோவை மறித்தாராம். அவன் தெலுங்கில் திட்டினானாம், பிடித்துத் தள்ளினானாம். "எம் பொண்ண நாந்தான்டா சாவடிச்சேன். நீயும் உம் பொண்டாட்டிய சாவடிக்காத" என்று இவர் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதாராம். ஆட்டோ புத்தூருக்குத் திரும்பியது. அங்கே ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத் திருப்பதிக்கு அனுப்பினார்கள். உன் நைனாவும் கூடவே போனார்.

மறுநாள் சோறு கட்டிக்கொண்டு நானும் பஸ் ஏறினேன். ரவணம்மாவுக்கு என்றுதான் சொல்லிக்கொண்டேன். அவள் பிழைத்துவிட்டாள், உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். உன் நைனா வெளியே சிமெண்டு பெஞ்சில் இருந்தார்.

"வா, துன்னு" என்றேன். அத்தனை காலத்துக்குப் பிறகு அதுதான் நான் பேசியது.

அவர் சோற்றுத் தூக்கைத் தொடவில்லை. "கோமதி, உங்கிட்ட சொல்லாத ஒண்ணு கீது. வண்டில ஏறும்போதே பாப்பா சொல்லிச்சி, ஆஸ்பத்திரிக்குப் போலாம் நைனான்னு. நாந்தான் கேக்கல."

எழுந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். நீ கேட்டிருக்கிறாய். வாயைத் திறந்து கேட்டிருக்கிறாய்! நம் ஊர் பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை. அந்தப் பேச்சு உங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தது. நீ போய்விட்டாய். அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம். உன் கடைசிப் பகல் முழுக்க அவரிடம்தான் இருக்கிறது. அவரோடு பேசாமல் இருந்து, அதை எனக்கு நானே இல்லாமல் செய்துகொண்டேனா?

திரும்பிப் போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். "வேற இன்னா சொன்னா? எல்லாத்தயும் சொல்லுய்யா."

சொன்னார். வழியெல்லாம் அவர் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாயாம். நடுவில் தண்ணீர் கேட்டாயாம். "அம்மாவுக்கு இப்ப சொல்லாத நைனா, விசேஷ வூட்ல பயந்துக்கும்" என்றாயாம். அந்தச் சோற்றை நாங்கள் இருவரும் சாப்பிடவில்லை.

மன்னித்துவிட்டேனா? முழுசாகச் சொல்லத் தெரியவில்லை, கண்ணு. சில காலைகளில் மறுபடி நெஞ்சு கொதிக்கிறது. அவருக்குத் தெரிந்துவிடும், கொல்லைப் பக்கம் போய்விடுவார். மத்தியானத்துக்குள் நானே சாப்பிடக் கூப்பிட்டுவிடுகிறேன். இப்போது வீட்டுக்குள்தான் படுக்கிறார்.

அந்தப் பெரியவரைத் தேடி உன் நைனா ஒருநாள் போனார். சண்டைக்குத்தான் என்று பயந்தேன். "உங்ககிட்ட யார் வந்தாலும் எனக்கு ஒரு போன் பண்ணுங்க மாமா" என்று கையைப் பிடித்துக்கொண்டாராம். அவரும் பண்ணுகிறார். சத்தியவேடு பக்கத்திலிருந்துகூட இப்போது உன் நைனாவுக்குப் போன் வருகிறது. கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு, கடிபட்டவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஓடுகிறார். நூறு நாள் வேலைக்கு வரும் பெண்களிடம் நான் சொல்கிறேன்: கடிவாயைக் கீறாதீங்க, இறுக்கிக் கட்டாதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.

எல்லோரும் பிழைப்பதில்லை. போன மாதம் ஒரு சின்னப் பெண் வழியிலேயே போய்விட்டாள். வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த உன் நைனா, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மறுநாள் நாகலாபுரத்திலிருந்து போன் வந்தது. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

என் கோபம் முழுக்கத் தீரும் என்று உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் இனி அவரைத் தனியாக அனுப்பவும் மாட்டேன். கடிபட்டவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நானும் கூடப் போவேன். வழியில் அவர்கள் என்ன சொன்னாலும் காது கொடுத்துக் கேட்பேன்.

உன்னைப் பெற்றவள்,
உன் நைனாவின் பெண்சாதி,
கோமதி