சாவி கொடுக்காத கடிகாரம்

அக்கா, நேற்று என் பழைய அலாரத்துக்குச் சாவி கொடுக்க மறந்துவிட்டேன். ஆனாலும் விடியுமுன்பே விழிப்பு வந்தது. உடனே உங்கள் நினைப்பும், அதன் பின்னாலேயே பழைய வயிற்றெரிச்சலும் வந்தன.

உடுமலைப்பேட்டைத் தோட்டத்து வீட்டுக்கு நான் இளைய மருமகளாக வந்தபோது, முதலில் எழுகிறவளுக்குத்தான் அடுப்படி என்பது நம் மாமியார் போட்ட சட்டம். மூத்த மருமகளான நீங்கள் கடிகாரம் இல்லாமலே எழுவீர்கள். அலாரம் அலறி நான் ஓடிவந்தால், மாமியார் கையில் உங்கள் காப்பி ஆவி பறந்துகொண்டிருக்கும். "எங்க பெரியவளுக்குச் சேவல்கூட வேண்டாமுங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரே ஒரு நாளாவது உங்களை முந்திவிட வேண்டும் என்று கிடந்து தவித்தேன்.

தொண்ணூறுகளில் கோயம்புத்தூரில் உங்களுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. இரண்டு கண்ணிலும் கட்டு, துணைக்கு நான். பகலும் இரவும் தெரியாத உங்களை முந்துவது சுலபம் என்று, அலாரத்தைத் துண்டில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அது முனகியதும் எழுந்தால், கட்டுக்குக் கீழே உங்கள் வாய் சிரித்தது.

"எந்திரிச்சுட்டியா கண்ணு? மொகங் களுவிட்டுப் போயி காப்பி வாங்கியா."

மறுநாளும் அதே கதை. பொறுக்காமல் டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டேன்.

"உடம்புக்குள்ளயே ஒரு கடிகாரம் ஓடுதுங்க. வெளிச்சம் அதைத் தெனமும் திருத்தி வைக்கும். வெளிச்சம் இல்லாட்டியும் நிக்காது, போகப்போகக் கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும், அவ்வளவுதானுங்க."

"எல்லாருக்கும் இருக்குதுங்களா?"

"உங்களுக்கும் இருக்குதுங்க."

நான் நம்பவில்லை. நல்லதாகப் பார்த்து உங்களுக்குக் கொடுத்துவிட்டுக் கழித்துப்போட்டதை எனக்குக் கொடுத்திருப்பான் கடவுள். முன்னப்பின்ன ஆகட்டும், கட்டு இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றுகூட ஆசைப்பட்டேன். அதற்குள் பிரித்துவிட்டார்கள்.

மாமியார் காலம் முடிந்தது. நம் தலையும் நரைத்தது. அப்போதும் முதல் காப்பி உங்களுடையதுதான்.

கடைசியில் ஒரு நாள் நான் எழுந்து வந்தபோது அடுப்பு எரியவில்லை. முந்திவிட்டேன்! சந்தோஷம் தாங்கவில்லை. காப்பி கலந்து, நுரை பொங்க ஆற்றி, "ஏனுங்க்கா, இன்னிக்கு நாந்தானுங்க மொதல்ல" என்று சொல்லிக்கொண்டே உங்கள் அறைக்கு வந்தேன். நீங்கள் எழவே இல்லை. காப்பி டம்ளரைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

டாக்டரம்மா சொன்னது நிஜந்தான், எனக்கும் ஒன்று ஓடுகிறது. அலாரத்துக்கு முன்பே இப்போதெல்லாம் விழித்துக்கொள்கிறேன். ஆனால் உடனே எழுவதில்லை. அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக் கொஞ்ச நேரம் படுத்திருக்கிறேன். நீங்களே முதலில் எழுங்கள், அக்கா.