நின்றது நெட்டு இல்லை

பாடாலூர்

அன்புள்ள மாமாவுக்கு,

கலையரசி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று எழுத ஆசைதான். நலமாக இருப்பது உங்கள் அண்ணன் ஒருவர் மட்டுமே. போனில் என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடமாட்டீர்கள். அதனால் லீவு முடிந்து உங்களிடம் மஸ்கட் திரும்பும் அஜித்குமாரிடம் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாயைத் திறக்கும் முன் இதைப் படியுங்கள்.

நம் மகள் தமிழ்மொழிக்கு வந்திருப்பது வலிப்பில் ஒரு வகை. கை கால் உதறாது, நுரை தள்ளாது. பேசிக்கொண்டிருப்பவள் சட்டென்று நிற்பாள், கண் ஒரே இடத்தில் நிலைக்கும், பிறகு ஒன்றும் நடக்காதது போலத் தொடருவாள். "அப்படி ஒரு வலிப்பு எங்க இருக்கு? எல்லாம் கொழுப்பு" என்று உங்கள் அண்ணன் கொளஞ்சியப்பன் தீர்ப்பு சொல்லிவிட்டார். பருத்திக்கு மருந்தடிக்கக் கடைக்காரரைக் கேட்கிறவர், பிள்ளையின் மூளைக்கு யாரையும் கேட்கவில்லை. அம்மன் பேரைச் சொல்லி வேப்பிலையால் அடிக்க ஒருவனைக் கூட்டிவந்தார். சிறுவாச்சூர் அம்மன் மேல் எனக்குக் குறையில்லை. அவள் யார் பிள்ளையையும் அடிக்கச் சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒருநாள் ஹைவே நடுவில் நின்றுவிட்டாள். முகம் தெரியாத ஒரு லாரிக்காரர் பிரேக் போட்டதால் பிள்ளை நமக்கு இருக்கிறாள். அன்றைக்குத்தான் யாரையும் கேட்காமல் திருச்சிக்கு பஸ் ஏறினேன்.

அங்கே ஆஸ்பத்திரியில் அவள் தலை முழுக்க ஒயர் ஒட்டி, காகிதக் காற்றாடியைக் கொடுத்து விடாமல் ஊதச் சொன்னார்கள். வேகமாக மூச்சு விட்டால் இது வெளியே தெரியுமாம். டெஸ்ட் எடுத்த பானுப்ரியா என்ற பெண் கம்ப்யூட்டரைக் காட்டி, "அக்கா, பாப்பா இன்னும் ஊதிக்கிட்டுத்தான் இருக்கு. இங்க பாருங்க, கோடு மாற ஆரம்பிச்சிருச்சு" என்றாள். தாறுமாறாக ஓடிய கோடுகள் ஒன்றுசேர்ந்து எழும்பின. அதன் பிறகுதான் காற்றாடி நின்றது. உள்ளே முதலில் தொடங்கிவிடுகிறது மாமா. நாம் பார்ப்பது அதற்குப் பிந்தியதை. அவள் வேண்டுமென்று நிற்பதில்லை, அடித்தால் தீரப்போவதுமில்லை.

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. வீடியோ காலில் அவள் இப்படி நின்றபோதெல்லாம் "நெட்டு நின்னுபோச்சு" என்று கட் பண்ணினீர்களே. அவள் தலைக்குப் பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. எந்த போன் வாங்கலாம் என்று ஊருக்கே யோசனை சொல்கிற உங்கள் கண்ணில் அது படவில்லை. அவள் தெளிந்து பார்க்கும்போது உங்கள் முகம் இருக்காது. "அப்பாவுக்கு எம்மேல கோவமாம்மா?" என்பாள்.

இப்போது டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லி அண்ணனுக்கு நீங்கள் உத்தரவு போட்டிருக்கிறீர்களாம். வெளியே தெரிந்தால் மாப்பிள்ளை கிடைக்காதாம். மூன்றாவது படிக்கிற பிள்ளைக்கு மாப்பிள்ளைக் கவலை! வெட்கமாக இல்லையா? இந்த மருந்தில் நிறையப் பிள்ளைகளுக்குக் கட்டுப்படுகிறது என்கிறார் டாக்டர். அவர் சொல்லாமல் ஒரு வேளைகூட நிறுத்தமாட்டேன். உங்கள் அண்ணன் கைக்கு எட்டாமல் மாத்திரையை நானே வைத்திருக்கிறேன்.

வெயிலில் வேலை செய்கிற உடம்பு, வேளைக்குச் சாப்பிடுங்கள். அம்மன் உங்களுக்கும் துணையிருக்கட்டும். உங்கள் யோசனை எதுவும் எங்களுக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூப்பிடுங்கள், அது போதும். பேச்சின் நடுவே அவள் நின்றுபோனால் மின்விசிறியைப் பாருங்கள். அது சுற்றினால் போனை வைக்காதீர்கள். அவள் திரும்பி வரும்போது நீங்கள் அங்கே இருங்கள்.

இப்படிக்கு,
கலையரசி