கண் முன்னால் வெட்டிய கறி

அன்புள்ள அம்மாவுக்கு மகன் வணங்கி எழுதுவது. நான் நல்ல சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

"பிளாஸ்டிக்ல சுத்தி வச்ச கறிய நம்பாத, கண்ணு முன்னாடி வெட்டச் சொல்லி வாங்கு" என்பாயே. அதனால்தான் சூப்பர்மார்க்கெட்டில் வேலை பார்த்தும், கறி மட்டும் தெருமுனைக் கடையில் வாங்கிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் ஒரு வேடிக்கை. தேதி முடிந்த கறியைக் குப்பையில் கொட்டப் பின்வாசலில் வைத்திருந்தோம். நான் நம்பி வாங்கும் அதே கறிக்கடைக்காரர், பாக்கெட்டுகளைப் பிரித்துப் பிரித்துத் தன் வண்டியில் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் மேலாளரே எடுத்துக் கொடுத்தார். இருவரும் என்னைப் பார்த்துவிட்டார்கள்.

நேற்று கடைக்காரர் கூப்பிட்டார். "வாங்க தம்பி, உங்களுக்குக் காசு வேணாம்" என்று என் கண் முன்னாலேயே வெட்டினார். கத்தி கறியில் இருந்தது. கண் என்மேல் இருந்தது.

"ரூம்ல தனியாத்தான இருக்கீங்க?" என்றார்.

நீ ஒன்றும் பயப்படாதே. பருப்புப்பொடி கொஞ்சம் அனுப்பு; கறி அலுத்துவிட்டது. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் பொருத்துவது எப்படி என்று அப்பாவிடம் கேட்டுச் சீக்கிரம் எழுது. வேலைக்கு நேரமாகிவிட்டது. மேலாளர் இன்று என்னை மட்டும் முன்னதாக வரச் சொல்லியிருக்கிறார்.

உன் மகன்